பாப்பாவைத் தூக்கோணும்

மதியச் சங்கு ஊதியதும் கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துகொள்கிறவர் எங்கள் பேக்கிங் பிரிவில் ஒருவர்தான் இருந்தார். நாங்களெல்லாம் இந்தப் பெட்டி முடியட்டும், இந்தக் கட்டு முடியட்டும் என்று இழுத்துக்கொண்டே இருப்போம். அவர் போய்க் குழாயடியில் முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வருவார். சுவரோரமாக ஒரு சாக்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்காருவார். டப்பாவைத் திறந்தால் பாதிக்குக் களி, பாதிக்குக் கீரை, ஓரத்தில் வேகவைத்த முட்டையோ ஒரு பிடி கடலையோ இருக்கும். அந்தச் சாப்பாடு முடிகிற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

கன்னடத்துப் பெண்கள் அவருக்கு 'டைம் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் வெறுமனே அக்கா என்பேன். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் பேசுவதே அவருக்குப் பிடிக்காது.

மைசூரில் ஊதுபத்திக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்களிடம் எங்கே வேலை என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பஸ்ஸில் ஏறினாலே சந்தனமும் மல்லிகையும் கூடவே ஏறும். எத்தனை தடவை தலைக்கு ஊற்றினாலும் முடியை விட்டுப் போகாது. வாசனை மட்டும்தான் அப்படி. வேலை என்னவோ நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து குச்சிகளை அடுக்கி, உறையில் போட்டு, ஒட்டி, பெட்டியில் வைப்பதுதான். எங்களில் முக்கால்வாசிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருத்திக்கு முட்டி, ஒருத்திக்குச் சுகர், ஒருத்திக்குத் திடீர் திடீரென்று உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி வேர்க்கும். விடிவதற்கு முன்னால் எழுந்து வீட்டில் எல்லோருக்கும் ஆக்கி வைத்து, பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் அடுப்படியிலேயே நின்றபடி மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். அதுவும் இல்லாத நாளில் ஒரு டீ.

"காலையில என்ன சாப்புட்ட?" என்று என்னைக் கேட்பார்.

"நேத்து ராத்திரிச் சோறு மிஞ்சியிருந்தது. வீணாப் போகுமேன்னு..."

"ஏங் கண்ணு, பானையில மிஞ்சறதைக் கொட்டறதுக்கு நீ என்ன குப்பைத் தொட்டியா?"

சிரிக்காமல் கேட்பார். எனக்குத்தான் சிரிப்பு வரும், கூடவே சுருக்கென்றும் இருக்கும். "எல்லார்க்கும் போட்டுட்டுப் பொறவு திங்கறேன்னு இருந்தா மிச்சந்தான் வரும். மொதல்லயே உன்ற தட்டையும் வெச்சு அதுலயும் போடு. அஞ்சாறு தட்டு கழுவறவளுக்கு இன்னொரு தட்டு கனமா?"

அவர் ராமாபுரத்துக்காரர். கர்நாடகத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் தாலுகா. அந்தப் பக்கத்துத் தமிழ் எங்கள் மைசூர்த் தமிழ் மாதிரி இல்லை. என் அப்பா சேலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். தமிழ் எழுதப் படிக்க எனக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஆனால் பேச்சில் கன்னடம் பாதி கலந்துவிட்டது. அக்கா பேசும்போது 'இருக்கோணும்', 'போகோணும்' என்று வருவதைக் கேட்கவே அவர் பக்கத்தில் இடம் பிடித்து உட்காருவேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகையில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி மிச்சத்தை நடந்து போவார். மழை பெய்தாலும் அப்படித்தான். காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் ஸ்டோர் ரூமில் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்பார். முதுகு வளையாது, முட்டிதான் மடங்கும். பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருத்தி அவரைப் போலவே சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு செய்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பாள்.

"சிரிங்க, சிரிங்க. சிரிச்சுக்கிட்டே ரெண்டு தடவை ஒக்காந்து எந்திரிச்சிட்டுப் போங்க" என்பார் அக்கா.

"உங்களுக்கு எதுக்குக்கா இதெல்லாம்? கம்பு சுத்தப் போறீங்களா?"

"எனக்குப் பாப்பாவைத் தூக்கோணுமல்லோ."

பாப்பா என்று ஒரு பெண் குழந்தை இருப்பது எங்களுக்குத் தெரியும். வயதுக்குப் பொருந்தவில்லையே என்று யோசித்திருக்கிறோம். நாள் கழித்துப் பிறந்ததாக இருக்கும், அல்லது யாரிடமிருந்தாவது எடுத்து வளர்ப்பாராயிருக்கும் என்று பேசிக்கொள்வோம். வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை என்பதும் அரசல்புரசலாகத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் அக்கா பேச்சை மாற்றி, "நீ தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுவிடுவார்.

தசராவுக்கு முந்திய வாரங்களில் எங்கள் கம்பெனியில் தலை நிமிர நேரமிருக்காது. ஆர்டர் மேல் ஆர்டர் வரும். அப்படி ஒரு நாள் லாரி வாசலில் வந்து நின்றுவிட்டது. சூப்பர்வைசர் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். சங்கு ஊதியது. அக்கா எழுந்தார்.

"ஏனம்மா இது? வண்டி நிக்குது பாருங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஊட்டா பண்ணினா ஆகாதா?" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினார் அவர்.

"சாப்புட்டு வந்து போடறனுங்க சார்."

"எல்லாரும் உக்காந்து வேலை செய்யறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன தனி ரூல்? நாளையிலேருந்து மசாலா பிசையற இடத்துக்குப் போறீங்களா?"

ஊதுபத்திக்கான கரித்தூள் மசாலா பிசைகிற இடத்துக்குப் போக எல்லோருக்கும் பயம். தூள் மூக்கில் ஏறி நாள் முழுக்க இருமல் வரும். அக்கா டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அங்கயும் மத்தியானம்னு ஒண்ணு வருமுங்களே சார்" என்றார். போய்க் கை கழுவிக்கொண்டு வந்து சாக்கை விரித்தார்.

அவருக்கு அடுத்ததாக எழுந்தவள் மஞ்சுளா. குண்டலுபேட்டைக்காரி. அவள் எழுந்ததும் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். பிறகு நான். லாரி நின்றுகொண்டுதான் இருந்தது. சூப்பர்வைசர் வெளியே போய் டிரைவரோடு டீ குடித்துவிட்டு வந்தார். யாரையும் எங்கேயும் மாற்றவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக எங்கள் பிரிவு முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது. அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது.

மஞ்சுளா எழுந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருஷம் அவள் எப்போதும் கறுப்பிலோ கரும்பச்சையிலோதான் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். எழுந்திருக்கும்போதெல்லாம் பின்னால் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தார்.

"எத்தனை நாளா போகுது?" என்று நேராகவே கேட்டார்.

மஞ்சுளாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு மூணு மாசமா நிக்கல அக்கா. வயசாச்சில்ல. நிக்கிற காலத்துல ஹீகேன்னு சொல்றாங்க, இப்படித்தான் இருக்குமாம்."

"யாரு சொன்னது? டாக்டரா, உன்ற மாமியாளா?"

மறுநாள் இரண்டு பேருக்கும் லீவு சொல்லிவிட்டு அக்கா அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். உடம்பில் ரத்தமே இல்லை, இவ்வளவு நாள் எப்படி நடமாடினாய் என்று டாக்டர் திட்டினாராம். ரத்தம் ஏற்றி, பிறகு கர்ப்பப்பையை எடுத்தார்கள். மஞ்சுளா திரும்பி வேலைக்கு வந்தபோது ஒரு நல்ல மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அக்கா அதைப் பார்த்துவிட்டுக் குனிந்து குச்சிகளை அடுக்கினார். உதடு மட்டும் சிரித்தது.

இப்படியெல்லாம் இருந்தவரைத்தான் சுயநலக்காரி என்றும் சொன்னார்கள். கூட வேலை செய்தவளின் மாமியார் இறந்தபோது நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். மறுநாள் காலையில்தான் எடுப்பதாக இருந்தது. அக்கா வந்தார், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், பொழுது சாய்ந்ததும் எழுந்துவிட்டார். "நான் போய்ப் படுக்கோணும். தூங்கலைன்னா நாளைக்கு எனக்கு ஆகாது" என்று அவளிடமே சொன்னார். சாவு வீட்டில் அப்படிச் சொன்னதை யாராலும் தாங்க முடியவில்லை. வேறு ஏதாவது பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள். பொய் சொல்ல வராது அவருக்கு. கல்நெஞ்சு என்றார்கள், தன் உடம்பைப் பூப்போல வைத்துக்கொள்கிறவள் என்றார்கள். அக்கா காதில் அதெல்லாம் விழாமலா இருந்திருக்கும்?

ஒரு தடவை அவர் தொடர்ந்தாற்போல சில நாள் வேலைக்கு வரவில்லை. தனக்கென்று அவர் லீவு போட்டே நாங்கள் பார்த்ததில்லை. போன் எடுக்கவில்லை. ஊருக்குள் கேசரே பக்கம் அவர் வீடு எந்தச் சந்தில் என்று மஞ்சுளாவிடம் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நான் போனேன்.

ஒரே அறை, அதற்குப் பின்னால் சமையலறை. தரையில் பாயில் அக்கா போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். காய்ச்சலில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். கைகள் இரண்டும் மணிக்கட்டில் உள்பக்கமாக மடங்கியிருந்தன. கால்கள் குச்சி மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொண்டு. தலையை நன்றாக வாரிப் பின்னி, பின்னலில் மல்லிகைச் சரம் வைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து ஒரு சத்தம் கொடுத்தாள்.

"இதான் பாப்பா" என்றார் அக்கா, பாயில் இருந்தபடியே.

பிறந்தபோதே மூச்சுத் திணறி மூளைக்குக் காற்று போகாமல் அப்படி ஆகிவிட்டது. பேச வராது, நடக்க வராது, தானாகப் புரண்டு படுக்கவும் வராது. பகலில் பக்கத்து வீட்டுக் கௌரம்மா பார்த்துக்கொள்வார். வயதானவர். ஊட்டிவிடுவார், பேச்சுக் கொடுப்பார், ஆனால் தூக்க அவரால் முடியாது. குளிக்க வைக்க, துணி மாற்ற, வாசலில் நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்க என்று காலையிலும் மாலையிலும் தூக்குவது முழுக்க அக்காதான். அந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பா ஈரத்தில் படுத்திருந்தாள்.

"நான் தூக்கறேன் அக்கா, நீங்க படுங்க" என்றேன்.

"முட்டியை மடக்கு. இடுப்பை வளைக்காதே. மார்போட சேத்து அணைச்சுக்கிட்டு அப்பறமா எந்திரி" என்று படுத்துக்கொண்டே சொன்னார். சொன்னபடியெல்லாம் செய்தேன். தோள் கொஞ்சம் உயர்ந்தது. அவ்வளவுதான். மெலிந்து கிடந்த பெண் அத்தனை கனமாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. தன்னைத் தூக்க விடாத கனம் அது, தூக்குகிறவளைப் பிடித்துக்கொள்ளத் தெரியாத உடம்பின் கனம். அக்கா போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தார். தள்ளாடியபடியே வந்து கட்டிலோரம் முட்டியை மடக்கினார், ஒரே மூச்சில் அந்தப் பெண்ணை அள்ளி எடுத்து நின்றார். நான் துணியை உருவி மாற்றினேன். காய்ச்சல் கொதிக்கிற கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாப்பா சிரித்தாள்.

மறுபடி பாயில் விழுந்தபோது அக்கா அழுதார். அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"எனக்குக் காச்சல் வரக் கூடாது கண்ணு. எனக்கு ஒண்ணும் வரக் கூடாது."

"சாதா ஜுரம்தானே அக்கா, சரியாப் போயிடும்."

"எங்கக்கா அடுப்படியில ஒக்காந்த மானிக்கே, அப்பிடியே போயிட்டா. நாப்பத்தஞ்சு வயசு. எல்லார்க்கும் போட்டுட்டுத் திங்கறவ அவ. நெஞ்சு வலிக்குதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நான் அப்பிடிப் போயிட்டா இவளை யாரு தூக்குவா? எனக்குக் கெழவியா வாழோணும்னெல்லாம் ஆசையில்ல. பாப்பா போன பொறவு ஒரு நாளு இருந்தாப் போதும். ஒரே நாளு. அவளை நல்லபடியா அனுப்பிட்டு நானும் போயிருவேன்."

பெற்றவள் வாயிலிருந்து அப்படி ஒரு ஆசையைக் கேட்டு எனக்குச் சில்லிட்டுவிட்டது. கௌரம்மா வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பாப்பா உடம்பு குலுங்கச் சிரித்தாள். குக்கர் விசில் அடித்தால் அவள் சிரிப்பாளாம். அதற்காகவே கௌரம்மா ஒரு விசில் கூடவே விடுவாராம்.

கம்பெனியில் போய் நான் சொன்னேன். யாரும் அதற்குப் பிறகு ஸ்டோர் ரூமை எட்டிப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒருத்தி, இரண்டு பேர் என அவரோடு சேர்ந்து தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழ ஆரம்பித்தார்கள். சாயங்காலம் ஒரு ஸ்டாப் முன்னால் இறங்குகிற கூட்டம் ஒன்று சேர்ந்தது. என் முட்டி வலி குறைந்தது அப்போதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் பரிசோதிக்கச் சொன்னார். போனேன். சுகர் எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தது. டீயில் சர்க்கரையை விட்டேன். இன்றைக்கும் மாத்திரை இல்லாமல்தான் ஓடுகிறது. எங்களுக்கு இதெல்லாம் பலித்தது.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம் ஆடி மாதத்தில் மைசூரில் விடாத மழை. பாப்பாவுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. இருமித் துப்பத் தெரியாத பிள்ளை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாங்கள் முறை வைத்துப் போய் வந்தோம். வராந்தாவில் மற்ற நோயாளிகளோடு இருந்த பெண்கள் எல்லாம் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். அக்கா மட்டும் அங்கேயும் மத்தியானம் உட்கார்ந்து கௌரம்மா கொடுத்தனுப்பிய முத்தேயைச் சாப்பிட்டார், பொழுதுக்குப் படுத்தார். நாங்கள் முத்தே என்போம், அவருக்கு அது களி. "வீட்டுக்குப் போனா இவளை நல்லாத் தேத்தோணும். தெம்பு வேணும்" என்றார்.

வீட்டுக்குப் பாப்பாவை ஆம்புலன்ஸில்தான் கொண்டு வந்தோம். ஒரு காலை நேரத்தில் ஆஸ்பத்திரியிலேயே மூச்சு நின்றுவிட்டிருந்தது. ஆம்புலன்ஸிலிருந்து இறக்க ஆட்கள் முன்னால் வந்தார்கள். அக்கா யாரையும் தொட விடவில்லை. முட்டியை மடக்கி, மார்போடு சேர்த்து அணைத்து, தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

திருப்பூருக்குத் தகவல் சொன்னார்கள். யாரும் வரவில்லை. ராமாபுரத்திலிருந்து தம்பி வர வேண்டும் என்று காத்திருந்தோம். சந்து முழுக்க ஆட்கள். அக்கா பாப்பாவின் தலைமாட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணீர்கூட நின்றுவிட்டது. உச்சிப் பொழுது ஆயிற்று. திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் குனிந்தேன்.

"கண்ணு, பசிக்குது" என்றார்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"பசிக்குது கண்ணு. எனக்கு வெக்கமா இருக்குது. ஆனா வயிறு கேக்குது."

எத்தனையோ வருஷமாக அந்தப் பொழுதுக்குச் சோறு கொடுத்துக் கொடுத்துப் பழக்கிய உடம்பு. அதற்கு என்ன தெரியும், யார் போய்விட்டார்கள் என்று? நான் அவரைக் கைத்தாங்கலாகப் பின்பக்கமாக கௌரம்மா வீட்டுச் சமையலறைக்குக் கூட்டிப் போனேன். கௌரம்மா பானையைத் திறந்து பார்த்தார். காலையில் செய்த சோறும் சாறும் இருந்தது. தட்டில் போட்டு முன்னால் வைத்தார். அக்கா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் அழுதார், அழுதுகொண்டே அடுத்த வாயைப் பிசைந்தார். தட்டு காலியாகிற வரைக்கும் நிறுத்த முடியவில்லை அவரால்.

தண்ணீர் கேட்டு வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "பெத்தவளுக்கு இன்னைக்குச் சோறு எறங்குதே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அக்கா அதைக் கேட்டு நிமிர்ந்தார். பிறகு எழுந்து போய்த் தட்டைக் கழுவி வைத்தார். தம்பி வந்து சேர்ந்ததும் அன்று மாலை பாப்பாவை எடுத்துக்கொண்டு போனோம்.

கொஞ்ச நாள் கழித்து வேலைக்கு வந்தார். சங்கு ஊதினால் அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. குச்சிகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். டப்பா கொண்டு வருவதும் நின்றது. மாலையில் வீட்டுக்கு எதிரேயே பஸ்ஸை விட்டு இறங்கினார். "இனியாவது நிம்மதியா இருங்கக்கா. எவ்வளவு கஷ்டம் பட்டீங்க, தேவரு, அந்தக் கடவுளு, உங்களுக்கு விடுதலை குடுத்துட்டாரு" என்று ஒருத்தி நல்ல மனசோடுதான் சொன்னாள். அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார், குச்சிகளை அள்ளிக்கொண்டு போய் வேறு இடத்தில் உட்கார்ந்தார்.

மஞ்சுளாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"வாயைத் தெறங்க."

"வேண்டாம் மஞ்சு. பசிக்கல."

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அன்னிக்கு ஆஸ்பத்திரி பேடா, வேண்டாம்னு நான் அழுதேனே, கேட்டீங்களா? கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனீங்கல்ல? இப்போ நான் இழுப்பேன்."

அக்கா வாயைத் திறந்தார். ஒரு கவளம் வாங்கி வெகுநேரம் மென்றார். "யாருக்குடி மஞ்சு?" என்றார். "இனி நான் யாருக்குத் தின்னு, யாருக்குத் தூங்கி..."

"நாங்க இல்லையா?" என்றாள் மஞ்சுளா. அவள் கண்ணும் நிறைந்துவிட்டது. "நாங்க உங்களுக்கு யாரும் இல்லையா?"

அக்கா அவள் கன்னத்தைத் தொட்டார். இன்னொரு கவளமும் வாங்கிக்கொண்டார். அப்புறம் தினமும் மஞ்சுளா கொடுத்தால் சாப்பிடுவார், கொடுக்காவிட்டால் இல்லை.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் மருத்துவ முகாம் வைத்தார்கள். வரிசையில் நின்றோம். எங்கள் வயதுக்காரிகளுக்கு ஒவ்வொன்றாகக் கோளாறு வந்துகொண்டிருந்தது. பிரஷர் பார்த்த சின்னப் பெண் அக்காவின் முறை வந்ததும் இரண்டாம் தடவை பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். "ஆன்ட்டி, சூப்பர்! என் பிரஷரை விட நல்லா இருக்கு. இன்னும் ரொம்ப வருஷம் நல்லா இருப்பீங்க. என்ன ரகசியம், எங்களுக்கும் சொல்லுங்க" என்று சிரித்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். அக்கா கையிலிருந்த பட்டையைத் தானே அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அந்த மாதத்தோடு வேலையை விட்டார். கேசரே வீட்டைக் காலி செய்துவிட்டு ராமாபுரத்துக்கே போய்விட்டார்.

இந்த வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் மாதேஸ்வரன் மலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ராமாபுரத்தில் இறங்கினோம். அக்காவின் தம்பி வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. தம்பி மனைவி மோர் கொடுத்தாள். அக்கா சோளக் காட்டில் வேலையாக இருந்தார், ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள்.

"அண்ணி வந்ததுல எங்களுக்கு ரெண்டு ஆளு வேலை மிச்சமுங்க" என்றாள் அவள் பெருமையாக. "மக்காச்சோள மூட்டையை ஆம்பளையாட்டம் தூக்கறாங்க. ஒரு நாளு தலைவலின்னு படுத்ததில்லீங்க. எனக்கு அவங்களை விட பத்து வயசு கம்மி. நான்தான் மூச்சு வாங்கறேன்."

அக்கா வந்தார். கறுத்திருந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. மற்றபடி அதே நிமிர்ந்த முதுகு. என் தோளைப் பிடித்துக்கொண்டு, முட்டி எப்படி இருக்கிறது, சுகர் பார்த்தாயா, மஞ்சு நல்லாயிருக்கிறாளா என்று வரிசையாகக் கேட்டார். பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் வந்தார். வீட்டுக்காரர் முன்னால் போய்விட, நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம்.

"ஒடம்பு எப்படிக்கா இருக்கு?" என்றேன்.

"அதுக்கென்ன. அதுக்கு ஒண்ணும் ஆகல" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எங்கம்மா தொண்ணூறு வரைக்கும் இருந்தா கண்ணு" என்றார். "நான் இன்னும் எத்தனை வருஷம் கெடக்கோணுமோ."

பாப்பா மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எங்கேயாவது போகலாமே, உங்களை மாதிரி யாருக்குத் தெரியும் என்றேன். இதை யோசித்துக்கொண்டேதான் நான் மைசூரிலிருந்து கிளம்பியிருந்தேன்.

"போனேன்" என்றார். "கொள்ளேகாலத்துல அப்பிடி ஒரு இடம் இருக்குது. ஒத்தாசைக்கு ஆளு வேணும்னாங்க. போன அன்னைக்கே ஒரு புள்ளையைத் தூக்கச் சொன்னாங்க. தூக்கினேன். நல்ல புள்ளை, என்ற கழுத்துல மூஞ்சிய வெச்சுக்கிச்சு." நடையை நிறுத்தினார். "கனம் பத்தலை கண்ணு. பாப்பா கனம் என்ற கைக்குத் தெரியும். கை அந்தக் கனத்துக்கே தயாரா போகுது, வேற கனம் வந்து விழுது. எனக்கு ஒடம்பெல்லாம் ஒதறிப்போச்சு. மெதுவா எறக்கி வெச்சுட்டு வந்துட்டேன்."

கொள்ளேகாலம் பஸ் வந்தது. வீட்டுக்காரர் ஏறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினேன். அக்கா ரோட்டோரத்தில் நின்றபடி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை காட்டவில்லை. இரண்டு கைகளும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன, கொஞ்சமும் தளராத கைகள்.